மலையிறக்க சைக்கிளுக்கு எந்த ஃபோர்க்? நான்கு விடைகளும் விடுபட்ட ஒரு கேள்வியும்

மலைச்சரிவில் வேகமாக இறங்கவும் மேட்டிலிருந்து தாவவும் சைக்கிள் வாங்குகிறவர் முதலில் விசாரிப்பது முன் ஃபோர்க்கைப் பற்றித்தான். ஃபிரேமுக்கு அடுத்தபடியாகப் பணத்தை விழுங்கும் பாகம் அது. சக்கரம் பள்ளத்தில் விழும்போது ஓட்டியின் மணிக்கட்டும் தோளும் அதை நம்பித்தான் இருக்கின்றன. எந்த ஃபோர்க் நல்லது என்ற கேள்விக்கு முப்பத்தைந்து ஆண்டுகளாக விடைகள் வந்துகொண்டே இருக்கின்றன. நீளமாக அமுங்குவது நல்லது என்றார்கள், வளையாதது நல்லது என்றார்கள், பிறகு ஸ்பிரிங்காகக் காயிலா காற்றா என்ற சண்டை வந்தது, இப்போது அதிர்வடக்கும் டேம்பரின் திருகுகளைப் பற்றிப் பேசுகிறார்கள். இவற்றில் எதுவும் பொய் இல்லை. ஆனால் கனடாவின் மழைக்காட்டிலும் யூட்டா பாலைவனத்திலும் உருவான இந்த விடைகளை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து கோவையைச் சுற்றிய மலைகளில் வைத்தால் பொருந்துமா என்று தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நான்கு விடைகளையும் வரிசையாக எடைபோட்டு, கொங்கு நாட்டு ஓட்டிக்கு அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வி பிறந்த இடம்

எண்ணெயால் அதிர்வடக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க் மோட்டார் சைக்கிளுக்கு 1935லேயே பி.எம்.டபிள்யூ. ஆர்12 வண்டியில் வந்துவிட்டது. அது சைக்கிளுக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. எஞ்சின் இழுக்கும் வண்டியில் ஃபோர்க் சில கிலோ கூடினால் யாருக்கும் தெரியாது. காலால் மிதிக்கும் வண்டியில் அரைக் கிலோ கூடினாலே தெரியும். மோட்டோகிராஸ் பின்னணியிலிருந்து வந்த பால் டர்னர் 1989இல் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் ஆர்.எஸ்.-1 ஃபோர்க்கைக் கொண்டுவந்தபோது அது அமுங்கிய தூரம் 48 மி.மீ. மட்டுமே. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த முதல் அதிகாரபூர்வ உலக மவுண்டன் பைக் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் அந்த ஃபோர்க்கோடு டவுன்ஹில் பட்டம் வென்றார். சைக்கிளுக்கு எதற்கு ஷாக் என்ற பேச்சு அதற்குப்பின் மெல்ல அடங்கியது.

தொண்ணூறுகளின் முதல் பாதியில் மேனிடூ போன்ற நிறுவனங்கள் எலாஸ்டோமர் என்னும் ரப்பர் போன்ற கட்டைகளை ஸ்பிரிங்காக வைத்தன. எளிமையான ஏற்பாடுதான், ஆனால் குளிரில் அவை இறுகிப்போயின, அமுங்கிய வேகத்திலேயே திரும்பி உதைத்தன. இத்தாலியின் மார்சோக்கி நிறுவனம் 1997 மாடலாக வெளியிட்ட பாம்பர் இசட்-1 மோட்டார் சைக்கிள் மரபுக்குத் திரும்பியது. காயில் ஸ்பிரிங், காலுக்குள் திறந்தபடி நிற்கும் எண்ணெய், சுமார் 100 மி.மீ. பயணம், அதாவது அமுங்கும் தூரம். ஏறக்குறைய அதே காலத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மரப்பாலங்களிலும் பாறைகளிலும் தாவும் ஃப்ரீரைடு வளர்ந்தது. 1999இல் விஸ்லர் பைக் பூங்கா திறந்தது. 2001இல் யூட்டா பாலைவனத்தில் ரெட்புல் ராம்பேஜ் தொடங்கியது. இன்று நாம் சொல்லும் விடைகளின் வேர் இந்த நிலங்களில்தான் இருக்கிறது. ஒன்றில் ஈரமண்ணும் மர வேரும், மற்றொன்றில் உலர்ந்த செம்மண் பாறை. அந்த நாடுகளில் முறையான சர்வீஸ் கடைகளுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் பஞ்சமில்லை.

முதல் விடை: நீளமே பலம்

பழைய விடையும் எளிய விடையும் இதுதான்: எவ்வளவு தூரம் அமுங்குகிறதோ அவ்வளவு நல்லது. 48 மி.மீ.இல் தொடங்கிய பயணம் பத்தே ஆண்டுகளில் 150ஐத் தாண்டியது. 2000க்குப் பின் மார்சோக்கி சூப்பர் மான்ஸ்டர் என்ற பெயரில் 300 மி.மீ. ஃபோர்க்கே விற்றது. பிறகு அந்த ஓட்டம் நின்றது. ஃபாக்ஸ் 40, ராக்‌ஷாக்ஸ் பாக்ஸர் போன்ற டவுன்ஹில் ஃபோர்க்குகள் இன்று 200 மி.மீ. அருகிலேயே நிற்கின்றன; ஃப்ரீரைடுக்கும், மிதித்து ஏறி வேகமாக இறங்கும் எண்டியூரோவுக்கும் பொதுவான ஃபாக்ஸ் 38, ராக்‌ஷாக்ஸ் ஜெப் போன்றவை 160 முதல் 190க்குள் அடங்குகின்றன. நீளமே பலம் என்ற வாதம் முழு உண்மையாக இருந்திருந்தால் 300 நிலைத்திருக்க வேண்டும். ஏன் நிலைக்கவில்லை என்று பார்த்தால் இந்த விடையின் எல்லை புரியும்.

ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து சமதளத்தில் விழும் சைக்கிள் தரையைத் தொடும்போது செங்குத்து வேகம் மணிக்கு ஏறத்தாழ 19.5 கி.மீ. அந்த வேகத்தை நிறுத்துவது ஃபோர்க் மட்டும் இல்லை; மடங்கும் முழங்காலும் முழங்கையும் சேர்ந்து அரை மீட்டர் அளவு இடம் கொடுக்கின்றன. 170 மி.மீ. ஃபோர்க்கோடு நிறுத்தும் மொத்தத் தூரம் 67 செ.மீ. என்றால், 200 மி.மீ. ஃபோர்க்கோடு அது 70 செ.மீ. வித்தியாசம் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. இது தோராயக் கணக்குதான். உடல் எவ்வளவு மடங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. இறங்கும் இடம் சமதளமாக இல்லாமல் சரிவாக இருந்தால் சரிவுக்குச் செங்குத்தான வேகம் மட்டுமே ஃபோர்க்கில் ஏறும்; அதனால் கிடைக்கும் லாபம் 30 மி.மீ. கூடுதல் பயணம் தருவதைவிடப் பெரிது. தாவுகிற மேட்டைக் கட்டுவதில் செலவிடும் மண்வெட்டி வேலை, நீளமான ஃபோர்க்குக்குச் செலவிடும் பணத்தைவிட அதிகம் காப்பாற்றும்.

நீளத்துக்கு விலையும் உண்டு. ஃபோர்க் 20 மி.மீ. உயர்ந்தால் ஹெட் ஆங்கிள், அதாவது தலைக்குழாயின் கோணம், ஏறத்தாழ ஒரு டிகிரி சாய்கிறது. சைக்கிளின் எடை மையமும் மேலேறுகிறது. ஃபிரேமின் தலைக்குழாயில் விழும் நெம்பும் விசை கூடுகிறது. 150 மி.மீ.க்கு வடிவமைத்த ஃபிரேமில் 180 மாட்டினால் வாரண்டி போவது சின்ன விஷயம். வெல்டிங் விடுவதுதான் பெரிய விஷயம். ஆகவே நீளம் என்ற விடையை இப்படித் திருத்திச் சொல்லலாம்: ஃபிரேம் அனுமதிக்கும் எல்லைக்குள், ஓடப்போகும் பாதைக்குப் போதுமான அளவு. அதற்கு மேல் போனால் லாபத்தைவிட நட்டமே அதிகம்.

இரண்டாம் விடை: வளையாமை

வேகமாகப் போகும் சக்கரம் பாறையில் மோதும்போது ஃபோர்க் பின்னுக்கு வளைந்தால், வழுக்க வேண்டிய குழாய்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். 200 மி.மீ. அமுங்க வேண்டியது பாதியிலேயே நின்றுவிடும். அதனால் விறைப்பை முன்வைக்கும் தரப்பு குழாய் விட்டத்தையும் குழாய்களை மேலே பிணைக்கும் கிரவுனையும் பார்க்கச் சொல்கிறது. சுவரின் தடிப்பு மாறாவிட்டால் மெல்லிய குழாயின் வளையாத்தன்மை ஏறத்தாழ விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும், 35 மி.மீ.இலிருந்து 38க்குப் போனால் கால் பங்குக்கு மேல் கூடும். 2020இல் ஃபாக்ஸும் ராக்‌ஷாக்ஸும் அடுத்தடுத்து 38 மி.மீ. ஒற்றைக் கிரவுன் ஃபோர்க்குகளை வெளியிட்டதற்கு இந்தக் கணக்கே காரணம். தலைக்குழாய்க்கு மேலும் கீழும் பிடிக்கும் இரட்டைக் கிரவுன் இதைவிட உறுதி. டவுன்ஹில் பந்தயத்தில் அதற்குப் போட்டியே இல்லை.

இந்தத் தரப்பின் பலவீனம் இரண்டு. முதலாவது, அளவுக்கு மீறிய விறைப்பு சக்கரத்தைக் கல்லிலிருந்து கல்லுக்குத் துள்ளவைக்கும். கை சீக்கிரம் சோரும். எடை குறைந்த ஓட்டிக்கு இது இன்னும் கூடுதலாகத் தெரியும். இரண்டாவது, இரட்டைக் கிரவுனின் மேல் குழாய்கள் ஃபிரேமில் இடிப்பதால் ஹேண்டில்பாரை ஓர் அளவுக்கு மேல் திருப்ப முடியாது. ஹேண்டில்பாரைக் காற்றில் முழுச் சுற்று சுற்றும் வித்தைகளுக்கு அது உதவாது. நம் ஊரில் இதைவிடச் சாதாரணமான காரணம் ஒன்று இருக்கிறது. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் இலை பறிப்போர் நடக்கும் ஒற்றையடிப் பாதைகள் புதர் வரிசைக்கு வரிசை சட்டென்று மடங்குகின்றன. கற்படி, குறுக்கே ஒரு வடிகால், உடனே ஒரு திருப்பம். அங்கே மெதுவாக, கூர்மையாகத் திருப்ப வேண்டியிருக்கும். அதற்கு ஒற்றைக் கிரவுனே ஒத்துவரும்.

ஏறுவதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விஸ்லரைப் போல லிஃப்ட் வைத்து மேலே ஏற்றிவிடும் பைக் பூங்கா கொங்கு நாட்டில் இல்லை. ஜீப்பிலோ பிக்கப் வண்டியிலோ ஏற்றலாம். இல்லையென்றால் மிதித்தே ஏற வேண்டும். இரட்டைக் கிரவுன் ஃபோர்க் பொதுவாக 2.7 கிலோவுக்குக் குறையாது. நல்ல ஒற்றைக் கிரவுன் ஃபோர்க் 2.3 கிலோ அளவில் கிடைக்கிறது. எடை வித்தியாசத்தைவிட, இரட்டைக் கிரவுன் மாட்டிய சைக்கிளின் மொத்த வடிவமே ஏற்றத்துக்கு எதிராக இருக்கும். கேரளத்தின் பொன்முடியில் 2023 அக்டோபரில் நடந்த ஆசிய மவுண்டன் பைக் போட்டி போன்ற பந்தயங்களில் டவுன்ஹில் பிரிவில் இறங்கும் எண்ணம் உள்ளவருக்கு இரட்டைக் கிரவுன் நியாயமான தேர்வு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டப் பாதையில் மிதித்து ஏறி இறங்கும் மற்றவர்களுக்கு அந்த நியாயம் இருப்பதாகத் தெரியவில்லை.

மூன்றாம் விடை: காயிலா, காற்றா

காயில் தரப்பு சொல்வது: உருக்குச் சுருள் சின்ன அதிர்வுக்கும் உடனே இணங்கும், சூட்டில் மாறாது, காற்றுக் கசியாது. காற்றுத் தரப்பு சொல்வது: எடை குறைவு, பம்பு ஒன்று இருந்தால் எந்த எடைக்காரருக்கும் பொருந்தும், கடைசிப் பங்கில் தானாகவே இறுகுவதால் அடித்தட்டாது. பயணத்தின் முடிவில் எவ்வளவு இறுக வேண்டும் என்பதைக் காற்றறைக்குள் போடும் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளால் மாற்றிக்கொள்ளலாம். இரு தரப்பும் சொல்வது சரிதான். ஆனால் சைக்கிளுக்கே உரிய ஒரு கணக்கை இந்த விவாதம் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறது.

முன்பக்கம் 190 மி.மீ. அமுங்கும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போன்ற மோட்டார் சைக்கிள் 150 கிலோவுக்கு மேல். அதில் 60 கிலோ ஆள் ஏறினாலும் 85 கிலோ ஆள் ஏறினாலும் மொத்த எடை எட்டில் ஒரு பங்கு அளவே மாறும். அதே நீளத்துக்கு அமுங்கும் டவுன்ஹில் சைக்கிள் 16 கிலோ என்று கொண்டால், அதே இரண்டு பேரால் மொத்த எடை மூன்றில் ஒரு பங்கு மாறுகிறது. ஓட்டியின் எடைக்கு ஸ்பிரிங் பொருந்துவது மோட்டார் சைக்கிளில் ஒரு வசதி; சைக்கிளில் அது அடிப்படைத் தேவை. ஓட்டி ஏறி நின்றதும் ஃபோர்க் பயணத்தில் 15 முதல் 20 விழுக்காடு இறங்க வேண்டும் என்பது பரவலான விதி. குழாயில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, முழு உடுப்போடும் தலைக்கவசத்தோடும் ஏறி நின்று, மெல்ல இறங்கி, வளையம் நகர்ந்த தூரத்தை அளந்தால் போதும். 200 மி.மீ. ஃபோர்க்கில் அது 40 மி.மீ.ஐத் தாண்டக் கூடாது. காயில் ஃபோர்க்கில் இந்த அளவு வராவிட்டால் வேறு எண் கொண்ட ஸ்பிரிங்கை வாங்க வேண்டும். உள்ளூர்க் கடையில் அந்த ஸ்பிரிங் கிடைக்காது. வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். ஒரு சைக்கிளை அண்ணனும் தம்பியும் மாறிமாறி ஓட்டுகிற வீட்டில் காயில் யாராவது ஒருவருக்குத்தான் பொருந்தும்.

காற்று ஃபோர்க்குக்கு எதிராக மலைப்பகுதியில் அடிக்கடி எழும் ஐயம் உயரமும் குளிரும். கணக்கிட்டுப் பார்க்கலாம். கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டரில் இருக்கும் கோவையில் 36 டிகிரி வெயிலில் 70 பி.எஸ்.ஐ. ஏற்றிய ஃபோர்க்கை 2,240 மீட்டர் உயர உதகைக்கு, 16 டிகிரி குளிருக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானி ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்ட வேண்டும். குளிர்ந்ததால் 5 பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல் குறைய வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு அடித்துக்கொண்டு, மீதி நிற்கும் இழப்பு இரண்டரை பி.எஸ்.ஐ. அளவே. மேலே போனதும் ஒரு தடவை சரிபார்த்தால் தீர்ந்துவிடும் விஷயம். கவனிக்க வேண்டியது கீழ்க்கால்களுக்குள் அடைபட்ட காற்று. அது கோவையின் அழுத்தத்தோடே மேலே வந்து, ஃபோர்க் அமுங்கும்போது இரண்டாவது ஸ்பிரிங் போலத் தடுக்கும். அண்மைக்கால ஃபாக்ஸ் 36, 38 ஃபோர்க்குகளிலும் புதிய பாக்ஸர், ஜெப் ஃபோர்க்குகளிலும் கீழ்க்காலின் பின்புறம் இருக்கும் சிறு பொத்தானை அமுக்கினால் அந்தக் காற்று வெளியேறும். சமவெளியில் குடியிருந்து மலையில் ஓட்டுகிறவருக்கு அந்தப் பொத்தான் மெய்யாகவே பயன்படும்.

நான்காம் விடை: டேம்பர்தான் எல்லாம்

ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொள்கிறது; வாங்கியதை எவ்வளவு வேகத்தில் திருப்பித் தருவது என்பதை டேம்பர் முடிவுசெய்கிறது. இன்றைய ஆய்வெழுத்தில் பெரும்பகுதி இந்தத் தரப்பில்தான் நிற்கிறது. காலுக்குள் திறந்தபடி நின்ற எண்ணெய் காற்றோடு கலந்து நுரைத்தால் அடக்கும் திறன் தளர்ந்துவிடும். அதைத் தவிர்க்க எண்ணெயைத் தனிக் குப்பிக்குள் மூடி வைக்கும் கார்ட்ரிட்ஜ் டேம்பர்கள் வந்தன. அமுங்கும் வேகத்துக்கும் திரும்பும் வேகத்துக்கும் தனித்தனித் திருகு, அதிலும் மெல்லிய அசைவுக்கு ஒன்று, திடீர் அடிக்கு ஒன்று என்று 2018இல் வந்த ஃபாக்ஸ் கிரிப்-2 டேம்பரில் நான்கு திருகுகள் இருந்தன.

டேம்பர் முக்கியம் என்பதில் ஐயமில்லை. மலிவு ஃபோர்க்குகள் கட்டாந்தரையில் தாவியதும் ஓட்டியை முன்னே எறிவது டேம்பர் இல்லாததால்தான். ஆனால் திருகுகளின் எண்ணிக்கை கூடக் கூட ஓட்டம் நன்றாகிறது என்பதற்கு அத்தனை உறுதியான சான்று இல்லை. தவறாகத் திருகிய நான்கு திருகைவிடச் சரியாகத் திருகிய ஒரு திருகு மேல். மார்சோக்கியின் மவுண்டன் பைக் பிரிவை 2015இல் வாங்கிய ஃபாக்ஸ், பின்னர் அந்தப் பெயரில் எளிய கிரிப் டேம்பரோடு பாம்பர் ஃபோர்க்குகளை மீண்டும் விற்கத் தொடங்கியது. குறைந்த திருகு, குறைந்த விலை. எளிமைக்கும் சந்தை இருக்கிறது என்பதை அந்நிறுவனமே ஒப்புக்கொண்டதாக இதை எடுத்துக்கொள்ளலாம். பந்தயக்காரர் அல்லாதவர் திரும்பும் வேகத்தை, அதாவது ரீபவுண்டை, சரியாக வைத்துவிட்டால் பெரும்பாலான பலன் கிடைத்துவிடும் என்று சொல்வது மிகையாகாது.

விடுபட்ட கேள்வி

நான்கு தரப்பும் பேசாமல் ஏற்றுக்கொள்ளும் ஓர் அனுமானம் இருக்கிறது: ஃபோர்க் புதிதாக வந்த நிலையிலேயே இருக்கும். ஒப்பீட்டுச் சோதனைகள் பெரும்பாலும் புதிய ஃபோர்க்கில் நடப்பவை. கொங்கு நாட்டில் முதலில் உடைவது இந்த அனுமானம்தான். மாசி முதல் வைகாசி வரை செம்மண் புழுதி மாவாகப் பறக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் வால்பாறைப் பக்கம் சேறு. ஐப்பசி, கார்த்திகையில் சமவெளியிலும் சேறு. புழுதி ஈரத்தோடு சேர்ந்து குழாயில் ஒட்டி, சீல் ஓரத்தில் அரைத்த மசாலாவைப் போலப் படிகிறது. ஒவ்வொரு அமுக்கத்திலும் அதில் கொஞ்சம் உள்ளே போகிறது.

கீழ்க்கால்களைக் கழற்றிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். அடியில் இருக்கும் இரண்டு போல்ட்டையும் சில சுற்றுத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டி, கால்களைக் கீழே உருவினால் வடியும் எண்ணெயின் நிறம்தான் முதல் சாட்சி. தேன் நிறமாக இருந்தால் பரவாயில்லை; செங்காவி நிறமாக இருந்தால் மண் உள்ளே போய்விட்டது. சீலுக்குக் கீழே இருக்கும் பஞ்சு வளையத்தைப் பிழிந்தால் அதே நிறம். இன்னும் விட்டுவைத்தால் அந்த மண் உள்ளிருக்கும் புஷ்ஷைத் தேய்க்கும். பிறகு குழாயின் அனோடைஸ் பூச்சைத் தேய்த்து, கறுப்பு அல்லது பொன்னிறக் குழாயில் வெள்ளிக் கோடுகள் தெரியும். அந்த நிலைக்கு வந்தால் குழாயும் கிரவுனும் சேர்ந்த தொகுதியையே மாற்ற வேண்டும்; புது ஃபோர்க் விலையில் கணிசமான பங்கு அதற்கே போகும். இதைத் தடுக்க வேண்டியதெல்லாம் துடைத்துவிட்டு, சீலுக்குக் கிரீஸ் தடவி, இரு கால்களிலும் சில பத்து மில்லி புது எண்ணெய் ஊற்றுவது. கருவிகள் கையில் இருந்தால் ஒரு மணி நேர வேலை.

ராக்‌ஷாக்ஸ் கையேடுகள் கீழ்க்கால் சர்வீஸைப் பொதுவாக 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கின்றன. ஃபாக்ஸ் முழுச் சர்வீஸை 125 மணி நேரத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை என்கிறது. வாரம் ஐந்து மணி நேரம் ஓட்டுகிறவருக்கு முதல் கணக்கின்படி ஆண்டுக்கு ஐந்து தடவை வரும். புழுதிக்கும் சேற்றுக்கும் இடைவெளியை இன்னும் சுருக்க வேண்டியிருக்கும். ஆக, 38 மி.மீ. குழாயும் நான்கு திருகும் கொண்ட ஃபோர்க் ஒரு வருடம் திறக்காமல் ஓடினால், ஒழுங்காக எண்ணெய் மாற்றிய எளிய ஃபோர்க்கைவிட மோசமாக வேலை செய்ய எல்லா வாய்ப்பும் உண்டு. இங்கே முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்த ஃபோர்க்கை நான் எங்கே, எத்தனை நாளில், என்ன சீலோடு பிரித்துச் சேர்க்க முடியும்? அதற்குத் தெளிவான பதில் உள்ள ஃபோர்க்குகளுக்குள்தான் நீளம், விறைப்பு, ஸ்பிரிங், டேம்பர் என்ற தேர்வுகளை வைக்க வேண்டும்.

எங்கே ஓட்ட முடியும் என்பதும் இதே முடிவை வலுப்படுத்துகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கவர்ச்சியான சரிவுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம் மூன்றும் புலிகள் காப்பகங்கள். அனுமதியின்றி அங்கே சைக்கிளை இறக்குவது குற்றம். யானைத் தடத்தில் சத்தமில்லாமல் வேகமாக வருவது உயிராபத்தும்கூட. மீதி இருப்பவை உரிமையாளர் ஒப்புக்கொண்ட எஸ்டேட் பாதைகள், ஊர்ப்பாதைகள், சொந்தத் தோட்டங்காட்டில் மண் கொட்டிக் கட்டிய மேடுகள். அவை பெரும்பாலும் குட்டையான இறக்கங்கள், திரும்பத் திரும்ப ஓடும் தடங்கள். 200 மி.மீ. கேட்கும் நீண்ட அதிவேகப் பாறைச் சரிவு இங்கே அரிது. புழுதியில் பல மணி நேரம் ஓடுவது அன்றாடம்.

எதிர்வாதங்கள்

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, உயிர்ப் பாதுகாப்பு சார்ந்தது: மெல்லிய ஃபோர்க்கை எவ்வளவு ஒழுங்காகப் பராமரித்தாலும் அது பெரிய தாவலில் ஒடியும் அல்லவா? ஒடியும். சாதாரண மவுண்டன் பைக்குகளில் வரும் 28 மி.மீ. குழாய் ஃபோர்க்குகள், சன்டூர் எக்ஸ்.சி.டி. போன்றவை, தாவலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றைச் சர்வீஸ் செய்து ஃப்ரீரைடுக்குக் கொண்டுபோவது தற்கொலைக்குச் சமம். ஆகவே பராமரிப்பு என்ற அளவுகோல் ஒரு தளத்துக்கு மேல்தான் செல்லும். குறைந்தது 35 மி.மீ. குழாய், ஊடே செல்லும் தடித்த ஆக்சில், தயாரிப்பாளரே ஃப்ரீரைடுக்கோ எண்டியூரோவுக்கோ என்று வகைப்படுத்திய ஃபோர்க் என்பது அந்தத் தளம். அதற்குக் கீழே பேச்சே இல்லை.

இரண்டாவது மறுப்பு கோவையின் பெருமையிலிருந்து வருவது. பம்பும் மோட்டாரும் நெசவு இயந்திரமும் செய்யும் ஊர் இது. லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1962இல் தொடங்கிய ஊர். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கும் ஊர். லேத் பட்டறையில் ஆகாதது எது? டூ-வீலர் மெக்கானிக் தினம் நான்கு ஃபோர்க்குக்கு ஆயில் சீல் மாற்றுகிறாரே? இதில் பாதி உண்மை. ஓ-ரிங், புஷ், சீல் அடிக்கும் கருவி, டேம்பர் மூடியைக் கழற்றும் தனி ஸ்பேனர் ஆகியவற்றை இங்கே செய்துகொள்ள முடியும். காயில் ஃபோர்க்கின் சர்வீஸ் மோட்டார் சைக்கிள் வேலைக்கு மிக நெருக்கமானது. ஆனால் மோட்டார் சைக்கிள் எண்ணெயை அப்படியே ஊற்றினால் அதன் கெட்டித்தன்மையால் ஃபோர்க் திரும்பவே நேரமாகும். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் ரப்பர்ப் பையைக் காற்றில்லாமல் நிரப்புவது தனிப் பயிற்சி. கிரவுனில் அழுத்திப் பொருத்திய குழாயைக் கழற்றி மாட்டுவதும், கிரவுனிலிருந்து மேலேறும் ஸ்டீரர் குழாயில் விரிசல் விட்டால் வெல்டு வைப்பதும் எந்தப் பட்டறையும் தொடக் கூடாத வேலைகள். ஆக, பட்டறைத் திறமை பராமரிப்பு வாதத்தை மறுக்கவில்லை. எந்த ஃபோர்க் பட்டறைக்கு இணங்கும் வகையில் எளிமையானது என்று பார்க்கச் சொல்லி அதை வலுப்படுத்துகிறது.

மூன்றாவது: பராமரிப்பு ஓட்டியின் ஒழுக்கம், அதை ஃபோர்க்கின் குணமாகச் சொல்லலாமா? ஓரளவு நியாயமான கேள்வி. ஆனால் வடிவமைப்பு ஒழுக்கத்தை எளிதாக்கவோ கடினமாக்கவோ செய்கிறது. சீல் செட் பல ஆண்டுகளாக மாறாத மாடல், சாதாரண ஆலன் கீயால் கழற்ற முடிகிற ஃபோர்க், படத்தோடு இலவசச் சர்வீஸ் கையேடு தரும் நிறுவனம், ஊருக்குள் ஒருவராவது ஏற்கெனவே வைத்திருக்கும் மாடல் ஆகியவற்றால் சர்வீஸ் உண்மையிலேயே நடக்கும். வழுக்கும் குழாய் கீழே இருக்கும் தலைகீழ் ஃபோர்க்கோ, நெம்பு இணைப்புகளால் இயங்கும் லிங்கேஜ் ஃபோர்க்கோ எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், நிறுவனம் மூடிவிட்டால் பாகம் இல்லை. 2018இல் பெரும் எதிர்பார்ப்போடு வந்த ட்ரஸ்ட் மெசேஜ் லிங்கேஜ் ஃபோர்க்குக்கு 2020க்குள் அதுதான் நேர்ந்தது. வாங்கியவர்களின் ஒழுக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தீராமல் நிற்பவை

இந்த வாதத்தை எந்த அளவுக்கு நீட்டலாம் என்பதில் நிதானம் தேவை. வெப்பநாட்டுப் புழுதியில் சீலும் குழாயும் எத்தனை மணி நேரம் தாங்குகின்றன என்பதை நடுநிலையாக அளந்து, மாடலுக்கு மாடல் ஒப்பிட்டால் மேலே சொன்ன வரிசை மாறலாம். உதாரணமாக, காற்று ஃபோர்க்கின் கூடுதல் சீல்கள் இங்கே சீக்கிரம் தேய்கின்றன என்று உறுதியானால், எடைக்குப் பொருந்தும் ஸ்பிரிங் கிடைக்கும் பட்சத்தில் காயிலின் தரப்பு வலுப்பெறும். தலைகீழ் ஃபோர்க்கில் எண்ணெய் எப்போதும் சீலை நனைத்திருப்பதால் புழுதியைத் தாங்கும் என்றும், வழுக்கும் குழாய் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் கல்லடி படும் என்றும் இரு கருத்துகள் நிற்கின்றன. மோட்டோகிராஸ் அனுபவம் முதலாவதை ஆதரிக்கிறது, ஆனால் சைக்கிளின் மெல்லிய குழாய்க்கு அது அப்படியே செல்லுமா என்பது தெளிவாகவில்லை. குறைந்த எடை ஓட்டிகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் பதின்வயதினருக்கும், 38 மி.மீ. விறைப்பு தேவைதானா என்ற கேள்வியைப் பெரும் நிறுவனங்கள் இப்போதுதான் தொடத் தொடங்கியிருக்கின்றன.

கையில் இருக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால், கோவையிலிருந்து மலையேறி இறங்கும் பெரும்பாலானோருக்கு 160 முதல் 180 மி.மீ. வரையிலான ஒற்றைக் கிரவுன் காற்று ஃபோர்க், எளிய டேம்பரோடு, சீல் செட் இரண்டு முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு வாங்குவது நியாயமான தேர்வாகத் தெரிகிறது. பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு 200 மி.மீ. இரட்டைக் கிரவுன் பொருந்தும். ஆனால் அதோடு சேர்த்துச் சர்வீஸ் செலவையும் ஆண்டுக் கணக்கில் எழுதிவைக்க வேண்டும். இந்தப் பரிந்துரை நிரந்தரம் இல்லை. உள்ளூரிலேயே சைக்கிள் சஸ்பென்ஷனுக்கென்று பயிற்சி பெற்ற பட்டறை ஒன்று நிலைபெற்றுவிட்டால், விடுபட்ட கேள்வியின் கனம் குறைந்துவிடும். அப்போது நீளம், விறைப்பு, ஸ்பிரிங், டேம்பர் என்ற பழைய நான்கு விடைகளையும் அவற்றின் தகுதிக்கே விட்டு, மறுபடி எடைபோட வேண்டியிருக்கும்.